குணா குகை முதல் கேத்தி நிலையம் வரை: மலைப்படத்தை எதை வைத்து எடைபோடுவது?

கொடைக்கானலில் தூண் பாறையைத் தாண்டி, மோயர் பாயிண்ட் போகும் சாலையில் இருக்கிறது குணா குகை. 2024-இல் மஞ்சும்மல் பாய்ஸ் படம் வந்த பிறகு அங்கே வேலிக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: "படத்துல பார்த்த குழி எங்கே?" கைபேசியில் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு எதிரே தெரியும் பாறையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துவதில்லை. உடனே ஒரு சாரார் "எல்லாம் கிராபிக்ஸ்" என்று முடித்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "உண்மையான குழியை மூடி மறைச்சுட்டாங்க" என்கிறார்கள். இரண்டுமே தவறு.

மலையில் வாழ்கிறவர்களுக்கு வேறு விதமான குழப்பம். கதாநாயகன் குன்னூர் வளைவில் திரும்பி அடுத்த நொடியில் உதகை ஏரிக்கரையில் இறங்கினால், "இது எப்படி?" என்று கேட்டு அந்தப் படத்தையே ஒதுக்கிவிடுகிறோம். ஊர் தெரிந்தவர்களுக்கு இந்த எரிச்சல் இயல்பானது. ஆனால் ஒரு படத்தை எடைபோட அது சரியான படிக்கல் ஆகாது.

அண்மையில் சில வாரங்களாக மலையில் நடக்கும், அல்லது மலையில் எடுக்கப்பட்ட படங்களாகத் தேடிப் பார்த்தேன். மூன்றாம் பிறை (1982), குணா (1991), உயிரே (1998), பரதேசி (2013), தி எலிபன்ட் விஸ்பரர்ஸ் (2022), மஞ்சும்மல் பாய்ஸ் (2024). ஒன்றோடொன்று ஒட்டாத கலவைதான். ஆனாலும் ஆறையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. இடம் மாறிப்போவது பெரிய குறை இல்லை. மலை மனித உடம்பின்மேல் வைக்கும் பாரம் திரையில் காணாமல் போனால்தான் படம் பொய்யாகிறது. இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. கதைக்களம்: கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஊர்.

2. லொகேஷன்: கேமரா உண்மையில் நின்ற இடம். இதுவும் கதைக்களமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உயிரே படத்தின் கதை வடகிழக்கு இந்தியாவில் தொடங்குகிறது. ஆனால் ரயில் கூரைமேல் ஆடும் பாட்டு ஓடுவது நீலகிரி மலை ரயிலில்.

3. செட்: கலை இயக்குநர் கட்டி எழுப்பும் இடம். மஞ்சும்மல் பாய்ஸ் படத்தில் குகையின் உட்புறம் இப்படிக் கட்டியதுதான். அஜயன் சாலிசேரியின் குழு அதைக் கேரளத்தின் பெரும்பாவூரில் அமைத்தது. வெளிக்காட்சிகளுக்குத்தான் கொடைக்கானல். கைபேசியில் உறைந்து நிற்கும் குழி எதிரே இல்லாததற்குக் காரணம் இவ்வளவுதான். அதைக் கணினியில் வரையவில்லை, கையால் கட்டினார்கள்.

4. கண்டினியுட்டி: ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் வெளிச்சம், உடை, ஈரம் எல்லாம் பொருந்தி வருவது. மலையில் படக்குழுவை அதிகம் படுத்துவது இதுதான்.

'குகை' என்ற சொல்லே வழிதவற வைக்கிறது

குகை என்றால் பக்கவாட்டில் நடந்து உள்ளே போகும் இடம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கும் குகைகள் அப்படித்தான் இருக்கும். பழனி மலையின் இந்தப் பகுதியில் இருப்பதோ சார்னோகைட் என்னும் மிகப் பழைய கடினப் பாறை. அது எளிதில் கரையாது. அதில் செங்குத்தான விரிசல்கள் விழும். மழையும் வேரும் காலமும் அந்த விரிசல்களை அகலப்படுத்தும். தூண் பாறை சுமார் 400 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பதும், அதன் அருகே பாறைகளுக்கு இடையில் பிளவுகள் கீழ்நோக்கி இறங்குவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

ஆக, குணா குகை என்பது நடந்து போகும் குகை என்பதைவிடக் கீழே விழும் பிளவு என்பதே சரி. மேலே இலையும் சருகும் வேரும் மூடியிருக்கும். பாசி வழுக்கும். தரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த இடம் பல உயிர்களைக் கொண்டுபோனதற்கு இந்த அமைப்பே காரணம். வெள்ளைக்காரர்கள் அதற்குப் 'பிசாசின் சமையலறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1991-க்குப் பிறகு அந்தப் பெயர் மறைந்து, படத்தின் பெயரே ஊன்றிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு இரண்டு படங்களையும் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகின்றன.

குணா படக்குழு உண்மையான குகைப் பகுதியிலேயே இறங்கிப் படமெடுத்தது. ஆனால் அந்தப் படத்தில் குகை ஆபத்தான இடமாக வருவதில்லை. நாயகன் குணாவுக்கு அது கருவறை. வெளியுலகம் நுழைய முடியாத ஓர் ஈரமான அமைதி. அபிராமி என்று தான் நம்பும் பெண்ணை அங்கே கொண்டுவந்து வைக்கும்போது அவன் மனதுக்குள் நாம் இறங்குகிறோம். எனக்கு அந்தப் பகுதி இன்றும் மூச்சை நிறுத்துகிறது. அதே சமயம் கால் வழுக்கும் பயம் அந்தப் படத்தில் பெரும்பாலும் இல்லை. உண்மையான பாறையில் எடுத்தும் பாறையின் ஆபத்து திரைக்கு வரவில்லை. இயக்குநர் தேடியது வேறொன்று என்பதால் அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

மஞ்சும்மல் பாய்ஸ் இதற்கு நேர் எதிர். பாறை செட். ஆபத்து முழுக்க உண்மை. 2006-இல் கொச்சிக்கு அருகே மஞ்சும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் பிளவுக்குள் விழுந்து மீட்கப்பட்ட சம்பவத்தை வைத்து எடுத்த படம். (பழனி மலையில் குறிஞ்சி பூத்த ஆண்டு அது.) சுபாஷ் விழும் காட்சியில் அலறல் நீள்வதில்லை. இருந்த ஆள் அடுத்த நொடியில் இல்லை. மலையில் விபத்து இப்படித்தான் நடக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன நடந்தது என்று புரியவே சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளை இயக்குநர் சிதம்பரம் அப்படியே விட்டுவைத்திருப்பதுதான் படத்தின் ஆகச் சிறந்த முடிவு என்பேன்.

இன்னொன்று, கயிறு. இந்த நண்பர்கள் ஊரில் கயிறு இழுக்கும் போட்டி அணியினர் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அப்போது அது வெறும் கலாட்டா. கடைசியில் குட்டன் கீழே இறங்கி நண்பனைத் தன்னோடு கட்டிக்கொண்டபின், மேலே இருப்பவர்கள் அதே கயிற்றை, அதே உடல் வழக்கத்தோடு இழுக்கிறார்கள். இரண்டு ஆள் எடையைச் செங்குத்தான பிளவிலிருந்து மேலே ஏற்றுவது என்றால் என்ன என்று உள்ளங்கை எரிவதுபோல நமக்குத் தெரிகிறது. செட் என்று தெரிந்த பிறகும் அந்தக் காட்சியின் வலு குறையவில்லை. முன்பாதியில் ஆட்களை அறிமுகப்படுத்தும் இடங்கள் எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டன. யார் யார் என்று பிரித்தறிய முடியாமல் நான்கைந்து முகங்கள் கலந்துபோகின்றன.

இதிலிருந்து முதல் அளவுகோல் கிடைக்கிறது: சரிவும் பள்ளமும் மனிதரை என்ன செய்கின்றன என்று படம் காட்டுகிறதா?

மூடுபனி: அழகும் வசதியும்

மேகத்துக்குள் நிற்கும்போது நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. நிழல் அழிந்துவிடுகிறது. முகத்தில் வெளிச்சம் மென்மையாக விழுகிறது. தூரத்து மலை வெளிறிப்போவதால் ஆழம் தானாகவே உண்டாகிறது. அதோடு, பின்னால் இருக்கும் மின்கம்பமும் விடுதிப் பலகையும் மறைந்துவிடுகின்றன. ஒளிப்பதிவாளர்கள் மலையைத் தேடி வருவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

சிக்கலும் இதிலேயே இருக்கிறது. பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில், பத்தரைக்கு எதிரே ஆள் தெரியாது. முதல் ஷாட்டும் இரண்டாம் ஷாட்டும் ஒட்டாது. மேகம் விலகும்வரை காத்திருக்கலாம், அல்லது புகை போட்டு ஈடுகட்டலாம். மலையில் வாழ்பவர் கண்ணை அந்தப் புகை ஏமாற்றாது. மேகம் பள்ளத்தாக்கிலிருந்து சரிவைத் தடவிக்கொண்டு மேலே ஏறும். புகை ஒரு மூலையிலிருந்து கிளம்பித் தரையோடு ஒட்டிப் பரவும்.

பனியைக் காட்டிவிட்டுக் குளிரை மறந்துவிடும் படங்கள் ஏராளம். 2,240 மீட்டர் உயரத்து உதகையில், மார்கழி உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்கும்போது, மெல்லிய சேலையில் ஆடிவிட்டு நடுங்காமல் நிற்கும் நாயகியைப் பார்த்தால் அந்த நடிகைக்காகத்தான் மனம் வருந்துகிறது.

நீலகிரி என்றாலே பனி என்பதும் பாதி உண்மைதான். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மசினகுடி. உயரம் ஆயிரம் மீட்டருக்கும் மேல் குறைந்து, காடே மாறிவிடும். மேலே குளிர்ந்த சோலையும் புல்வெளியும். கீழே கோடையில் இலையுதிர்த்துக் காயும் முதுமலைக் காடு. தி எலிபன்ட் விஸ்பரர்ஸ் நடப்பது இந்தக் கீழ்க்காட்டில், தெப்பக்காடு யானைகள் முகாமில். பொம்மன், பெள்ளி தம்பதி தாயற்ற யானைக்குட்டி ரகுவை வளர்ப்பதுதான் படம். கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய இந்த 40 நிமிட ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றது.

வானிலை எப்படிக் கதைக்குள் வரவேண்டும் என்பதற்கு இந்தப் படம் நல்ல சான்று. மழை பெய்தால் புல் இருக்கும், குட்டி மேயும். வறட்சி வந்தால் யானைகள் தண்ணீர் தேடி அலையும், காட்டுத்தீ பயம் வரும். பருவம் மாறும்போது அந்தக் குடும்பத்தின் வேலையும் கவலையும் கூடவே மாறுகின்றன. குட்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது, கவளம் உருட்டி ஊட்டுவது, அடம்பிடித்தால் கெஞ்சுவது என்று திரும்பத் திரும்ப வரும் கைவேலையிலிருந்து அன்பு பிறப்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. என் குறை ஒன்று உண்டு. வானத்திலிருந்து எடுத்த மினுமினுப்பான காட்சிகள் கொஞ்சம் அதிகம். பொம்மனும் பெள்ளியும் சார்ந்த காட்டுநாயக்கர் பழங்குடியினர் அந்தக் காட்டைப் பார்ப்பது நடந்துபோகும் உயரத்திலிருந்து. கேமராவும் அந்த உயரத்தில் இருக்கும் இடங்களில்தான் படம் நெஞ்சைத் தொடுகிறது.

மெதுவாகப் போகும் ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகை வரை 1908-இலும் வந்த நீலகிரி மலை ரயில் பாதை இது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். வழுவழுப்பான சக்கரத்துக்கு அந்தச் சரிவில் பிடிமானம் கிடைக்காது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

இந்த வேகமின்மையைச் சினிமா எப்படிப் பயன்படுத்துகிறது?

உயிரே பாட்டுக்கு அது ஒரு வசதி. மெதுவாகப் போவதால்தான் ஓடும் வண்டியின்மேல் அத்தனை பேர் நின்று ஆட முடிகிறது. சுரங்கத்தின் இருட்டுக்குள் போய் வெளிச்சத்துக்கு வரும்போதெல்லாம் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் கேமரா நம் கண்ணை இழுத்துப் பிடிக்கிறது. உற்சாகத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆனால் மலை அங்கே மேடை மட்டுமே. அந்தப் பாட்டை வேறொரு மலை ரயிலில் எடுத்திருந்தாலும் கதையில் எதுவும் மாறியிருக்காது.

மூன்றாம் பிறையின் கேத்தி நிலையம் வேறு விஷயம். அருவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் இடையில் இருக்கும் சிறிய நிலையம். கேத்தியில் பள்ளி ஆசிரியனாக இருக்கும் சீனு, நினைவிழந்து குழந்தையாகிப்போன விஜியைக் காப்பாற்றி வளர்க்கிறான். நினைவு திரும்பியதும் அவள் அவனை மறந்து பெற்றோரோடு புறப்படுகிறாள். இந்த முடிவு எல்லாருக்கும் தெரியும். மலை அதில் செய்யும் வேலையை மட்டும் கவனியுங்கள்.

ஒன்று: காரைத் துரத்தி ஓடும் சீனு விழுகிறான். அடிபடுகிறது. நொண்டிக்கொண்டு, சேறு பூசிய உடம்போடு, மழைக்குள் நிலையத்துக்கு வந்து சேர்கிறான். சமதரையில் ஓடியிருந்தால் வாத்தியாராகவே வந்திருப்பான். சரிவும் சேறும் அவனை அடையாளம் தெரியாத பரதேசியாக்கிக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. விஜி அவனுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுப்பது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

இரண்டு: ரயில் மெதுவாகக் கிளம்புகிறது. எக்ஸ்பிரஸ் வண்டியாக இருந்திருந்தால் சில நொடிகளில் எல்லாம் முடிந்திருக்கும். மலை ரயில் அவனுக்கு நேரம் கொடுக்கிறது. கூடவே ஓடவும், தலையில் பாத்திரத்தை வைத்துக் குரங்கு வேலை காட்டவும், பழைய விளையாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்கவும் அவனால் முடிகிறது. எட்டிவிடும் தூரத்திலேயே அவள் இருக்கிறாள், எட்டவில்லை.

பாலுமகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் கமல்ஹாசனுக்கு நடிப்புக்கும் தேசிய விருது கிடைத்த படம். நடுவில் வரும் சில பகுதிகள் இன்று எனக்கு உறுத்துகின்றன. குறிப்பாகத் தலைமை ஆசிரியரின் மனைவி வரும் காட்சிகள். ஆனால் நான் பார்த்த மலைப்படங்களில் இந்த ஒரு முடிவுக்கு இணை இல்லை.

தேயிலைச் சரிவில் யார் இல்லை?

பெரும்பாலான பாட்டுகளில் தேயிலைத் தோட்டம் என்பது வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம். அதை வெட்டி வைத்தது யார் என்று கேமரா கேட்பதில்லை. கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை ஆள் உயரத்துக்குமேல் மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் அது நிற்பதே தலைமுறை தலைமுறையாகச் செய்த உழைப்பால்தான். முதுகில் கூடை, காலில் அட்டை, சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பது என்றால் என்ன என்று கம்பளக் காட்சிகளில் தெரியாது.

பாலாவின் பரதேசி அதைக் காட்டுகிறது. வெள்ளையர் காலத்தில் கங்காணி என்னும் ஆள்பிடிக்கும் மேற்பார்வையாளன் முன்பணம் கொடுத்துச் சமவெளிக் கிராமத்து மக்களை எஸ்டேட்டுக்கு நடத்திக் கொண்டுபோவதும், கணக்குப் பார்க்கும் நாளில் கடன் தீராமல் இன்னும் ஓராண்டு கட்டிப்போடப்படுவதும், கொள்ளைநோய் வந்து கொத்துக்கொத்தாகச் சாவதும்தான் கதை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவலைத் தழுவியது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. கொடுமையை அடுக்கடுக்காக வைப்பதில் பாலா எல்லை மீறுகிறார் என்று ஒரு விமர்சனம் உண்டு. சில இடங்களில் நானும் ஒப்புக்கொள்வேன். மதமாற்றத்தைக் கிண்டலாக ஆக்கிய பாட்டு படத்தின் கனத்தைக் குலைக்கிறது. ஆனால் கடைசிக் காட்சியில், தப்ப வழியில்லாத நாயகன் ராசா மேட்டில் உட்கார்ந்து கதறும்போது, புதிதாக வந்திறங்கும் கூட்டத்தில் அவன் ஊரில் விட்டுவந்த அங்கம்மா குழந்தையோடு நிற்கிறாள். அதைப் பார்த்தபின் எந்தத் தேயிலைச் சரிவையும் கம்பளமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

நீலகிரிக்கு இதில் தனிக் கதை இருக்கிறது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. பின்னாளில் அவை டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. இரண்டு நாடுகளிலும் அந்நியராக நடத்தப்பட்ட அந்த மக்களின் லைன் வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பை) மையமாக வைத்த ஒரு முழுநீளத் தமிழ்ப்படத்துக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

படம் பார்த்துவிட்டு மலையேறினால்

திரைப்படம் ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கும், கூட்டத்தையும் கொண்டுவரும். குணா பெயரைக் கொடுத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து மஞ்சும்மல் பாய்ஸ் கூட்டத்தைக் கொடுத்தது. மலைச் சாலை தாங்கும் வண்டிகளுக்கு ஓர் அளவு உண்டு. அந்த நெருக்கடி ஒரு படத்தால் மட்டும் வந்ததில்லை, பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

குணா குகைக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1. பிளவுக்குள் இறங்க அனுமதி இல்லை. கம்பித் தடுப்பு சும்மா வைத்ததும் இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். சருகு மூடிய தரையில் எங்கே பாறை, எங்கே வெற்றிடம் என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

2. அங்கே பார்க்க வேண்டியவை சோலை மரங்களின் வேர்கள். பாறையின் மேல்மண் மழையில் அரித்துப் போனபின், தரைக்கு மேலே பின்னிக்கொண்டு கிடக்கின்றன. ஏறி நின்று மிதித்து மிதித்துப் பல வேர்களின் தோல் உரிந்துவிட்டது. அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பவை அந்த வேர்களே. அவற்றின்மேல் ஏறாமல் நின்று பாருங்கள்.